நூக்கோல் நூடுல்ஸும் இடது கால் சுண்டுவிரலும்

ஆஸ்பத்திரியை விட்டு ஸ்ரீராம்புரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். படுக்கை தருகிறோம் என்றார்கள். நான் உட்காரக்கூட இல்லை. இடது கால் சுண்டுவிரலில் கட்டு. இரண்டு வாரத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஏழாவது வரை படித்தவன் நான். ஆனேக்கல்லில் செங்கல் சூளை, ஓசூரில் லாரி கிளீனர், பிறகு பெங்களூரில் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போடும் வேலை. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பிடிக்காவிட்டால் நடந்துவிடுவேன். அதற்குக் கால் வேண்டும்.

மேம்பாலங்களுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. எங்கோ ஓர் ஆணி செருப்பைத் துளைத்து விரலில் ஏறியிருக்கிறது. நாள் முழுக்க அதோடு நின்று வேலை செய்திருக்கிறேன். செருப்பைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார் டாக்டரம்மா.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நாளைக்கு இரண்டே வேளை என்றேன். பொய்யில்லை. ஆனால் வண்டியில் நிற்பவன் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு வாய் எடுத்து உப்பு பார்ப்பான். அறுபது பிளேட் போனால் அறுபது வாய். அதை எங்களில் யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. அவர் கிளறிக் கேட்டபோது அதையும் சொன்னேன்.

"நாக்குல பட்டா அதுவும் ஊட்டாதான்ப்பா" என்றார் அவர், சாப்பாட்டைக் கன்னடத்தில் சொல்லி.

ஸ்ரீராம்புரத்தில் செல்வி அக்கா வீட்டில் தங்கினேன். அவள் கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குப் போவாள். சமையல் என் பொறுப்பானது. சோறும் மைதாவும் கூடாது. வாயோ நூடுல்ஸ்தான் கேட்டது. சுரைக்காயை நாடா நாடாவாகச் சீவி வதக்கினேன், கூழாகிவிட்டது. நூக்கோல் தாங்கியது. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக்கி, அடுக்கி நீளநீளமாக நறுக்க வேண்டும். உப்புப் போட்டுப் பிசறி வைத்துத் தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். வாணலி புகையும்போது பூண்டு, குடைமிளகாய், பிறகு நூக்கோல். இரண்டே நிமிடம். மேலே ஒரு முட்டை. மாத்திரையை நான் நிறுத்தவில்லை; இதைப் படிக்கிற நீங்களும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இறங்கவேயில்லை. நான் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறேன் என்று டாக்டரம்மா நினைத்தார். முகத்திலேயே தெரிந்தது. ஆனேக்கல் பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா அடுப்பருகே நின்று பார்த்தாள். கடைசியில், வண்டியில் செய்வதுபோலவே, வெள்ளை மாவைத் தண்ணீரில் கரைத்து வாணலியில் ஊற்றினேன். அதில்லாமல் நூடுல்ஸ் பளபளக்காது. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை தானாகச் செய்தது.

அவள் மாவுப் பாக்கெட்டைத் திருப்பினாள். "இது இன்னாடா படம்?"

"கார்ன் ஃப்ளவர்க்கா. மக்காச்சோள மாவு."

"நூடுல்ஸை வுட்டுட்டு மாவைக் கரைச்சுக் குடிச்சினு இருக்கே. உன் வெரலை வெட்ட டாக்டர் எதுக்கு? நீயே போதும்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பாக்கெட்டைத் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பின் மிளகும் எலுமிச்சையும் மட்டும். பளபளப்பு இல்லை. முதல் இரண்டு நாள் கோபமாகச் சாப்பிட்டேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் சர்க்கரை இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகி, மூட ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா விரலை அழுத்தி, "தெரியுதா?" என்றார். இல்லை என்றேன்.

"விரல் இருக்கும். உணர்ச்சி திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை அக்காவின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். என் கால் இனி எனக்கு எதுவும் சொல்லாது. தினமும் நான்தான் குனிந்து விசாரிக்க வேண்டும். பிறகு ஜோகுபாளையத்தில் ஒரு கேன்டீனுக்குப் போனேன். காய் நறுக்கும் வேலை, உட்கார்ந்து செய்வது. எத்தனை நாள் தாங்குவேனோ தெரியாது. மேனேஜர் சம்பளம் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன், மாத்திரை நேரத்தை நினைத்து, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.