மாலதி சிஸ்டருக்கு கிளட்ச் தெரியாதாம்

போன மாதம் எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் ஏற்றத்தில் ஒரு கார் பாதியில் முனகி நின்றது. ஓட்டியவர் பக்கத்து வீட்டு மாலதி சிஸ்டர். ஆஸ்பத்திரி நர்ஸ். சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய கார் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறவர்.

சமதளத்தில் ஒழுங்காக ஓடும். ஏற்றம் வந்தால்... ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முனகல்தான். இந்தத் தீவில் மேடு இல்லாத ரோடு ஏது?

"கிளட்ச்ச முழுசா விடு," என்றார் அவர் கணவர். "கியர் மாத்தத் தெரியல," என்றார் எதிர்வீட்டுக்காரர். மெக்கானிக் பிஸ்வாஸ் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தார். அப்படியும் ஏறவில்லை. கடைசியில் அவரும், "தீதி, காடி டீக் ஹை," என்றுவிட்டார். வண்டி சரியாக இருக்கிறதென்றால் கோளாறு யாரிடம்? ஓட்டுகிறவரிடம்தானே?

"வித்துடலாம்னு இருக்கேண்ணா. எனக்கு டிரைவிங் வரல போல," என்றார் சிஸ்டர் என்னிடம்.

கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்த கார் வந்த நாளில் தெருவுக்கே லட்டு கொடுத்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, வாங்க வருகிறவருக்குக் காட்டுவதற்காகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று குனிந்து, சைலன்சருக்குக் கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டினார். "அண்ணா, உங்க காரையும் ஸ்டார்ட் பண்ணுங்க." என் காரில் காற்று கையைத் தள்ளியது. அவர் காரில் வந்தும் வராமல் இருந்தது.

"வீசிங் பேஷன்ட் மாதிரி இருக்குண்ணா. மூச்சை வெளிய விட முடியல. நாம எல்லாரும் உள்ள போறதையே பாத்துட்டு இருந்திருக்கோம்."

உடனே பிஸ்வாஸுக்கு போன். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு டப்பா உண்டு — கேட்டலிடிக் கன்வர்ட்டர். உள்ளே தேனடை மாதிரி துளைகள். அதற்கு முன்னால் இருந்த சென்சாரை அவர் கழற்றினார். அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியேற, கார் காது கிழியும் சத்தத்தோடு மேட்டில் விறுவிறுவென்று ஏறியது.

"அரே தீதி, ஏ தோ ஜாம் ஹை." பிஸ்வாஸ் தலையைச் சொறிந்தார். அடைப்பு அந்த டப்பாவில்தான். பழைய பிளக்கில் சரியாக எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, துளைகளை உருக்கி அடைத்திருக்கிறது. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆண் ஓட்டும் கார் நின்றால் பானெட்டைத் திறக்கிறோம். பெண் ஓட்டினால் வாயைத் திறக்கிறோம். ஏன்?

மெயின்லேண்டிலிருந்து புது கன்வர்ட்டர் கப்பலில் வந்தது. நேற்று எங்களை ஏற்றிக்கொண்டு சிஸ்டர் அதே மேட்டை அலட்டிக்கொள்ளாமல் ஏறினார். உச்சிக்குப் போனதும் கணவர் திருப்தியாகச் சொன்னார்: "பாத்தியா... நான் சொன்ன மாதிரி கிளட்ச்ச விட்டதும் ஏறிடுச்சு."

சில அடைப்புகளுக்கு மெயின்லேண்டிலும் ஸ்பேர் பார்ட் கிடைக்காது.