மூன்று வருஷம் தாங்கும் செயின்

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளை ஃபிட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு நகரும் பட்டைகளை ஓட்டுகிற செயின்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அப்பா அம்மா போனபின் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், தம்பி படித்து முடிக்கட்டும் என்று தட்டிக்கழித்தாள். அவன் முடித்தபோது பேச்சு வருவதே நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்தது வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு இருவரும் சேர்ந்து செய்யும், பந்து அள்ளும் ரோபோ வண்டி ஒன்றுதான். அவள் கட்டுவாள், அவன் ஓட்டுவான்.

போன வருஷம் அரையிறுதியில் ஒரு பக்கச் சக்கரத்தை ஓட்டும் செயின் அறுந்து, ரோபோ நட்டநடு அரங்கில் கிறுகிறுவென்று சுற்றியது. கூட்டம் சிரித்த சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை.

கழற்றிப் பார்த்தால், அலுமினியப் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி தேய்ந்து கிடந்தன. இந்த முறை ஸ்டீல்தான் என்று முடிவு செய்தாள். இழுப்பு நாலு பல்லுக்குப் பகிர்ந்து போகட்டும் என்று சக்கரத்தைப் பெரிதாக எடுத்தாள், செயினையும் தடிமனாக. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள்.

"என்னக்கா, இரும்புக் கடையையே தூக்கிட்டு வந்துட்டியா? வண்டி ஆமையாப் போயிடும்," என்றான் தம்பி.

"ஆமையாப் போனாலும் போய்ச் சேரும்ல? மூணு வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்டா."

அவன் சக்கரத்தை மெல்லக் கீழே வைத்தான். "மூணு வருஷம் யாருக்குக்கா?"

வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். அங்கே பெரிய அணி ஒன்று தங்கள் ரோபோவை ஓட்டக் கூப்பிட்டிருக்கிறதாம். போட்டி முடிந்ததும் கிளம்புகிறான். இத்தனை நாள் சொல்ல வாய் வரவில்லையாம்.

"போயிட்டு வா. நல்லதுதானே," என்றாள். செயினில் ஒரு கண்ணியைக் கழற்றுவதற்குள் கருவி இரண்டு தரம் கைநழுவி விழுந்தது.

போட்டியில் எதுவும் அறுந்துபோகவில்லை. கனம்தான் காலை வாரியது. எதிரணி வண்டி சிட்டாய்ப் பறந்து பந்துகளை அள்ளிக்கொண்டு போக, இவர்களுடையது உறுமியபடி பின்னாலேயே போனது. முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள்.

"உன் மேல தப்பில்லக்கா," என்றான் தம்பி. தப்பு அவள் மேல் என்று அவன் நினைத்திருக்கிறான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் போய் வெகுநாள் கழித்து ஒரு மாலையில் போன் வந்தது. "அக்கா, இங்க செயின் அடிக்கடி நழுவுது. என்ன பண்றது?"

"ரெண்டு சக்கரமும் ஒரே நேரா நிக்குதான்னு முதல்ல பாரு. அப்புறம் செயின் தொய்ஞ்சிருக்கான்னு விரலால அமுக்கிப் பாரு."

அதை அவன் பக்கத்தில் யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. அவனுக்கு யாரோ கைதட்டினார்கள்.

"சரிக்கா, எல்லாரும் காத்திருக்காங்க, வெச்சிடறேன்."

சாப்பிட்டாயா என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் போன் அடங்கிவிட்டது. ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.