தண்ணி தெளிச்சு விட்டாச்சு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நர்சரியில் நான் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். வெள்ளைக்காரர் பங்களாக்களுக்குத் தொட்டிச் செடிகள் வளர்த்துக் கொடுக்கும் இடம் அது. முதலாளி தமிழர், நல்லவர், ஆனால் முன்கோபி. செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்ற ஒரே ஒருத்திதான் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள். நர்சரிக்குப் பின்னால் இருந்த அறை அவளுக்கும் அவள் மகளுக்கும் வேலையோடு சேர்ந்து கிடைத்தது. வேலை போனால் அறையும் போகும்.

தோள்கம்பின் இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தொங்கவிட்டுக் கிணற்றுக்கும் செடிகளுக்குமாக அவள் காலையெல்லாம் நடப்பாள். ஒவ்வொரு தொட்டியையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். மண் காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும், ஈரமிருந்தால் சத்தம் அமுங்கும். காய்ந்ததற்கு மட்டும் ஊற்றிவிட்டு நகர்வாள். நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

ஒரு வருஷம் மழை பொய்த்துக் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. அப்போதுதான் எனக்குள் இருந்த மேதாவி விழித்துக்கொண்டான். தாகம் அதிகமுள்ள செடிகளைக் கிணற்றோரம் கொண்டுவந்தேன், தாங்கக்கூடியவற்றைத் தூர வைத்தேன். தொட்டிகளைக் கழுத்துவரை தேங்காய் நாரில் புதைத்தேன். பெரணிச் செடிகளை அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகைக்குள் தள்ளி, மேலே ஊற்றாமல், தண்ணீர் நிறைத்த துத்தநாகத் தொட்டிக்குள் சட்டியோடு இறக்கி அடியிலிருந்து உறிஞ்சவிட்டேன். ஒரே தண்ணீரில் அடுத்தடுத்துப் பத்துச் சட்டிகள் நனையும். அவள் நடை பாதியாகக் குறைந்தது. முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி தட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம், எந்த வரிசைக்கு என்றைக்குத் தண்ணீர் என்று நானே காலையில் சொல்வேன் என்று ஒரு சட்டமும் போட்டேன். வெக்கை உள்ளே போகும் என்பதால் நான் சொல்லாமல் கொட்டகைக் கதவைத் திறக்கவும் கூடாது. அவள், "சரிங்கய்யா" என்றாள்.

அந்த மாதம் பத்து ரோஜாத் தொட்டிகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. இனித் தேறாது என்று அவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தேன். மறுநாள் சட்டி வாங்க ரவாங்குக்குக் கிளம்பினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "அந்தச் சட்டிங்களுக்கு என்னா செய்யணும், ஐயா?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோஜாவைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் தண்ணி தெளிச்சு விட்டாச்சு, போ" என்றேன்.

கைகழுவியாயிற்று என்று நான் சொன்னேன். ஊர் சுற்றும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதில்லையா, அந்த அர்த்தத்தில். அவள் கேட்டதோ உள்ளே இருந்த பெரணிகளைப் பற்றி. தண்ணீர் ஊற்றுவதே பிழைப்பாக உள்ளவளிடம் அந்தப் பேச்சைச் சொன்னால் அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? கிராணியே ஊற்றிவிட்டார் என்று நிம்மதியாகப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து நான்தான் கதவைத் திறந்தேன். பெரணி ஒரு தடவை காய்ந்தால் காய்ந்ததுதான். தொட்ட இலையெல்லாம் கையில் பொடியாக உதிர்ந்தது. அடுத்த வாரம் ஒரு பங்களா விருந்துக்குப் போகவேண்டிய செடிகள் அவை. எப்படி நடந்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முதலாளி பின்னால் வந்து நின்றுவிட்டார்.

அவளைக் கூப்பிட்டார். அவள் பதறவே இல்லை. "கிராணி ஐயாதானுங்க, அதெல்லாம் தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு சொன்னாங்க. அதான் நான் தொறக்கல" என்றாள்.

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதலாளி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு வசவு விழும். ஒருவேளை சிரித்தும் இருப்பார். ஆனால் என் திட்டம், என் சட்டம், என் முதுகில் விழுந்த தட்டு, எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே, முதலாளி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல, "அப்ப நான் தப்பாக் காதுல வாங்கிட்டேனாங்கய்யா?" என்றாள்.

"ஆமா. காதை எங்கயோ வச்சுக்கிட்டு வேலை செஞ்சா இப்படித்தான்."

இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தைக் காதால் கண்டுபிடித்தவளிடம் சொன்னேன். அவள் காது மடலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாளைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அவர் அறையை எட்டும்வரை எனக்கு நேரம் இருந்தது. பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு மூட்டையோடு பண்டமாரான் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். எப்படியும் ஒருநாள் போய்ச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. கல்யாணம், குழந்தை, வேறு வேலை என்று வருஷங்கள் போயின. நான் கெட்டவன் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்பத்தான் முடியவில்லை.

ஒருநாள் கிள்ளான் பாசாரில் அவளைப் பார்த்தேன். கீரை விற்றுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் மெல்ல ஒரு கீரைக்கட்டை எடுக்க, அந்தச் சரசரப்புக்கே சட்டென்று திரும்பி, "வைடி கீழ" என்றாள். பிறகு ஒருவழியாகக் கிட்டே போனேன்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன்.

அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. உடனே தலையைச் சாய்த்துக் காதோரம் கையைக் குவித்தாள்.

"என்னாங்கய்யா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது சரியில்ல, உங்களுக்குத்தான் தெரியுமே."

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பி, அத்தனை வருஷமும் செவிடியாகவே வாழ்ந்திருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரி, "கத்தித்தான் சொல்லணும் அண்ணே, அதுக்குக் கேக்காது" என்றாள்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்" என்று கத்தினேன்.