டாக்டரிடம் சொல்லாமல் விட்ட சிகரெட்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காதில் குரல்கள் கேட்கும் மனநோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே சிகரெட்டும் ஓயாது. "பாவம், அவருக்கு இருக்கற ஒரே ஆறுதல் அதுதாங்க" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இருமல் அதிகமானதும் எனக்கே ரோஷம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினேன். சில நாட்களில் வாயில் எச்சில் வழிந்தது, தூக்கம் அழுத்திக் கண்ணைத் திறக்க முடியவில்லை. சிகரெட் ஏக்கம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருநாள் சூடான அயர்ன் பாக்ஸைப் பிடித்தபடியே நின்று தூங்கிவிட்டேன். பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் என் மனைவி, "ஏனுங்க!" என்று அலறி என் கையை இழுத்திராவிட்டால் விரல்கள் வெந்திருக்கும்.

அன்றே என் மனநல டாக்டரிடம் ஓடினோம். "சிகரெட்டை நிறுத்தீட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் சாப்பிடும் மாத்திரையைப் புகை உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடுமாம். புகை நின்றதும் அதே மாத்திரை எனக்கு அதிகமாகிவிட்டதாம்; எச்சிலும் தூக்கமும் அதனால்தானாம். ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைத்தார். ஏக்கத்துக்கு நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். "நிறுத்தினது ரொம்ப நல்லதுங்க. எங்கிட்டச் சொல்லிட்டு நிறுத்தியிருக்கோணும். மறுபடி பிடிச்சாலும் ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார்.

இப்போது எதையும் அவரிடம் மறைப்பதில்லை. மாத்திரையை நானாகக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லை. டீக்கடையில் ஒரு நண்பர் இன்னும் சிகரெட்டை நீட்டுகிறார். "ஒண்ணு இழுங்க, மனசுக்கு நல்லதுங்க."

"மனசைப் பார்க்க டாக்டர் இருக்காருங்க. நெஞ்சை நான்தாங்க பார்த்துக்கோணும்" என்று டீயை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.