ஜாக்கி இலேசாகச் சுற்றிய நாள்

ரெண்டுவிரல்காரர் என்ற பெயரை அவருக்கு யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். பல் டாக்டரம்மாவின் நடமாடும் மருத்துவமனையை, அதாவது ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு வெள்ளை டிரெய்லரை, பதினோரு வருடமாகத் தன் பிக்கப்பில் மாட்டி இழுக்கிறவர் அவர். மாட்டி முடித்ததும் குனிந்து, பிக்கப்பின் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார். டிரெய்லரின் மூக்கு அழுத்தியதில் அந்த இடைவெளி இரண்டு விரல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் வண்டி நகராது. டாக்டரம்மா வந்து நின்றாலும் நகராது, டாக்டரம்மாவின் அம்மா வந்து நின்றாலும் நகராது. உள்ளே இருக்கிற பெட்டிகளையெல்லாம் முன்பக்கம் தள்ளிவைத்துவிட்டு மறுபடியும் குனிந்து அளப்பார்.

வயது ஐம்பத்தேழு. பேச்சு குறைவு, அலுப்பு அதிகம். அலுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் வேலையே ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்காத ஒன்றுக்காக இன்றுவரை ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. அறுபதுக்கு மேல் ஓட்டமாட்டார் என்பதால் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் எல்லாருக்கும் வாய் முளைத்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்து போவார்கள். அவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே அறுபதில் போய்க்கொண்டிருப்பார்.

மூன்று மாதமாக வலது தோள் வேறு படுத்தியது. சட்டை மாட்டவே மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கனம் தூக்கக் கூடாது, வேறு வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு வேலை எந்த மரத்தில் காய்த்துத் தொங்குகிறது? டாக்டரம்மாவின் காதுக்கு எட்டினால் வேறு டிரைவரை வைத்துவிடுவார் என்று அவருக்குப் பயம். அதனால் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மகள்தான் டிரெய்லரில் டாக்டரம்மாவுக்கு உதவியாளர். டாக்டரம்மா தன் காரில் வருவார், அப்பாவும் மகளும் பிக்கப்பில் போவார்கள்.

தோளைக் கொன்றது இரண்டு வேலைகள். ஒன்று ஜாக்கி. டிரெய்லரின் மூக்கைத் தூக்கி, பிக்கப்பின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டின்மேல் உட்காரவைக்க, ஜாக்கியின் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்ற வேண்டும். இருபதில் தோள் முனக ஆரம்பிக்கும், முப்பதில் கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். இன்னொன்று தண்ணீர். டிரெய்லரின் வால் பக்கம் இருநூற்றைம்பது லிட்டர் தொட்டி இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் குழாய் எங்கேயோ ஒரு கோடியில் இருக்கும். அங்கிருந்து கேனில் பிடித்துவந்து ஊற்ற வேண்டும், பன்னிரண்டு பதின்மூன்று நடை. கிளம்பும் இடத்திலேயே ஓஸ் போட்டு நிரப்பினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அது அவர் சட்டத்தில் இல்லை. "ரோட்ல ஏறும்போது தொட்டி காலியா இருக்கணும்" என்பார். ஏன் என்று மகள் ஒருமுறை கேட்டதற்கு, "சொன்னா கேளு" என்றதோடு சரி. டீசல் மிச்சம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்வதென்றால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குக் காலையில் அவர் டீசல் போடப் போயிருந்தார். முந்தின நாள் ஆறாவது கேனில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மகள் பார்த்திருந்தாள். அப்பா வருவதற்குள் ஓஸை இழுத்துப் போட்டுத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திருகி, ஓஸை இருந்த இடத்திலேயே சுருட்டி வைத்துவிட்டாள். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், திட்டினால் திட்டட்டும் என்று நினைத்தாள்.

அவர் வந்தார். ஜாக்கியில் கை வைத்தார். இருபது சுற்று ஆயிற்று, தோள் வாயைத் திறக்கவில்லை. முப்பதும் போயிற்று. நாற்பதாவது சுற்றில் நிமிர்ந்து நின்று கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒரு வாரமாக மனைவி தேய்த்துவிடுகிற தைலம் வேலை செய்கிறது என்று நினைத்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவருக்கு மனசு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் குனிந்து அளக்காமலே போய் வண்டியில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, சிரிக்கிறீங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு தோளு பரவாயில்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டிச் சாலை சரிவாக இறங்கும் இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி அவர்களை ஒட்டி முந்திப் போனது. அந்தக் காற்று டிரெய்லரின் வாலைத் தள்ளியது. இடப்பக்கக் கண்ணாடியில் வெள்ளைச் சுவர் தெரிந்தது, அடுத்த நொடி வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்து அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி அது பிக்கப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது.

"அப்பா, பிரேக்க போடுங்கப்பா."

அவர் காலும் அதைத்தான் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை ஆட்டத்துக்கு ஆட்டம் திருப்பாமல் நேராகப் பிடித்தார். இடது கையை விட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லரின் பிரேக்குக்கென்று இருக்கிற சின்ன நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். ஸ்டியரிங்கின் முழு இழுப்பும் வலது தோளில் இறங்கியது. வலியில் கண் இருட்டியது. மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, இன்னும் குறைந்தது, கடைசியில் டிரெய்லர் அவர் பின்னால் நேராக வந்து சேர்ந்தது. ஓரம் கட்டி நிறுத்தினார்.

அவர் இறங்கிப் பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேல் கையை நுழைத்தார். டிரெய்லரே மாட்டாத வண்டி மாதிரி அது நிமிர்ந்து நின்றது. வால் பக்கம் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"யாரு ஊத்துனது?"

"நான்தாம்பா. நீங்க நேத்து சுவத்த புடிச்சுகிட்டு நின்னீங்க. என்னால பாக்க முடியல." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோபப்படலாம் என்று பார்த்தார், அதற்குக்கூடத் தெம்பு இல்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு படகு இழுத்துட்டுப் போனேன்" என்றார். "எஞ்சின் பின்னாடி இருக்கற படகு. வால் கனம், மூக்கு லேசு. மூக்கு வண்டிய அமுக்கிகிட்டு இருந்தாதான் பின்னாடி வர்றது நேரா வரும். எனக்கு அப்ப அது தெரியாது. இதே மாதிரி ஆடுச்சு. பயந்து போய் பிரேக்க மிதிச்சேன். வண்டி நின்னுச்சு, டிரெய்லர் நிக்கல. சுத்திகிட்டு எதிர்ப்பக்கம் போயிருச்சு. சைக்கிள்ல ஒருத்தர் வந்துகிட்டு இருந்தாரு."

"செத்துட்டாரா?"

"இல்ல. ஒரு கால் போச்சு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஊத்தியிருப்பேனாப்பா?"

"சொல்லியிருக்கணும்" என்றார். "ஜாக்கி லேசா சுத்துச்சும்மா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் தோளு சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

எழுந்து போய்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் போன் வந்தது. மகள் எடுத்து, டிராஃபிக் என்று ஆரம்பித்தாள். அவர் போனை வாங்கி, தோளிலிருந்து தொட்டிவரை எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

"அண்ணே, நான் பல்லு பாக்கறவதான். ஆனா கேன் தூக்கும்போது நீங்க பல்ல கடிக்கறது எனக்குத் தெரியாதா?" என்றார் டாக்டரம்மா. "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். தண்ணிக்கு இனிமே அங்கங்க ஆள் சொல்லிக்கறேன். நீங்க வண்டிய மட்டும் பாருங்க. மெதுவாவே வாங்க."

மறுநாள் காலையில் மகள் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சுத்தறேம்பா."

"விடு. மூக்கோட கனம் என் கைக்குத் தெரியணும்."

அவர் சுற்றினார். இருபதில் தோள் முனகியது. முப்பதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார்.

"வலிக்குதாப்பா?"

"நல்லாவே வலிக்குது" என்றார். மீதிப் பத்தையும் சுற்றி முடித்து, குனிந்து இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். "ஏறு, கிளம்பலாம்."