ஃப்ளைட் மோடில் ஒரு முழு ஓட்டம்

1. ராசாத்தியின் போன்

கேமின் முதல் பில்டை, அதாவது விளையாடிப் பார்க்கும் நிலைக்கு வந்த முதல் வடிவத்தை, போனில் ஏற்றிய அன்றே பிரச்சினை வந்துவிட்டது. கதாநாயகன் ஒரு குகைக்குள் பாதி தூரம் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, விளையாடிக்கொண்டிருந்த ராசாத்திக்கு மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் குகையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. டைட்டில் ஸ்க்ரீன்தான் இருந்தது.

"மல்லிகாக்கா, இங்கிட்டு வந்து பாருங்க. ஒரு போன் பேசிட்டு வாரதுக்குள்ள மறுபடி மொதல்ல இருந்து நிக்கிது," என்று என்னைக் கூப்பிட்டாள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் வாடகை மாடியில் எங்கள் அலுவலகம் நடந்தது. வாசலில் போர்டு கிடையாது. முதலாளி சேகர் சார், நான், இன்னும் நாலைந்து பேர். டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்காக ஜப்பானில் ரொம்ப வருடம் முன்பு வந்த ஒரு ரோல் ப்ளேயிங் கேமை, மொபைலில் ஓடும்படி மாற்றித் தருவது எங்கள் வேலை. இதைப் போர்ட் பண்ணுவது என்போம். நான் பழனிக்காரி. பெங்களூரில் பல வருடம் புரோகிராமராக இருந்துவிட்டு, ஊர்ப்பக்கமே இருக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவள். கோட் முழுவதும் என் பொறுப்பு.

ராசாத்தி டெஸ்டர். அதற்கு முன் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். சொந்த ஊர் கொடைக்கானலைத் தாண்டி மேலே இருக்கும் கிளாவரை. கணவருக்குத் திருப்பூரில் வேலை என்பதால் மகளோடு இங்கே வாடகை வீட்டில் இருந்தாள். இந்த மாதிரி கேமை அவள் அதுவரை தொட்டதில்லை. "இந்தப் பய எப்பப் பாத்தாலும் வாளத் தூக்கிக்கிட்டே திரியிறான். வேற சோலி இல்லையாக்கா இவனுக்கு?" என்பாள். ஆனால் பொறுமையாக விளையாடுவாள். எங்கே என்ன செய்தபோது தப்பு வந்தது என்று தெளிவாகச் சொல்வாள். டெஸ்டருக்கு அதுதான் வேண்டும்.

அலுவலகத்தின் விலை உயர்ந்த டெஸ்ட் போன்களில் இந்தக் கோளாறு வரவில்லை. ராசாத்தியின் சொந்தப் போனில் மட்டும் வந்தது. மெமரி குறைந்த போன் அது. அழைப்பு வந்தால், இடம் போதாமல், பின்னால் இருக்கும் கேமை அதுவே மூடிவிடும். நம் ஊரில் பாதிப் பேர் கையில் அப்படிப்பட்ட போன்தான் இருக்கிறது. அதனால் அவள் போனையே முக்கியமான டெஸ்ட் போனாக வைத்துக்கொண்டோம்.

2. சத்திரத்தில் மட்டும்

பழைய கன்சோலுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். சுவிட்சை அணைக்கும்வரை அந்தப் பெட்டி கேமுக்கு மட்டுமே சொந்தம். அதை நம்பித்தான் இந்தக் கேமை எழுதியிருந்தார்கள். கதையில் ஊருக்கு ஊர் சத்திரம் வரும். அங்கே தங்கினால் மட்டும்தான் அதுவரை விளையாடியது சேவ் ஆகும். கடைசியில் வரும் கோபுரத்தில் சத்திரமே கிடையாது. ஏறத் தொடங்கினால் உச்சிவரை ஒரே மூச்சில் போக வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கே அரை நாள் பிடிக்கும்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். அழைப்பு வந்ததும், கேமின் மெமரி முழுவதையும் அப்படியே ஒரு ஃபைலில் எழுதிவிடுவது. திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். தொடர்ந்ததும் அந்த ஃபைல் அழிந்துவிடும் என்பதால் தோற்றவர் மறுபடி அதே இடத்துக்கு வந்து ஏமாற்ற முடியாது. இதற்கு சஸ்பென்ட் என்று பெயர். கடினமான வேலைதான், ஆனால் முடியாதது இல்லை.

வாராந்திர வீடியோ மீட்டிங்கில் இதைச் சொன்னேன். மறுமுனையில் ஜப்பானிலிருந்து கேமின் தயாரிப்பாளர், பக்கத்தில் மொழிபெயர்க்கும் ஒரு பெண். வயதான, மரியாதையான மனிதர். அந்தக் கேமை முதலில் உருவாக்கிய குழுவில் இருந்தவர். இனி பின்வாங்க வழியில்லை என்ற பயத்தோடு கோபுரம் ஏறுவதுதான் இந்தக் கேமே, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றால் அந்தப் பயம் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சத்திரங்கள் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

மீட்டிங் முடிந்ததும் சேகர் சார் என் மேசைக்கு வந்தார். "மேடம், காண்ட்ராக்ட்ல இல்லாததை நாம ஏன் இழுத்துப் போட்டுக்கணும்? மொதல்ல ரிலீஸ் ஆகட்டும். அப்புறம் அப்டேட்ல பாத்துக்கலாம்."

"ரிலீஸ் அன்னைக்கே திட்டுவாங்க சார். போன் வந்தா விளையாட்டு போயிரும்னா யாரு விளையாடுவா?"

"விளையாடுறப்ப ஃப்ளைட் மோடு போட்டுக்கங்கன்னு ஹெல்ப் பேஜ்ல ஒரு வரி எழுதிரலாம்."

ஹெல்ப் பேஜில் எழுதுவதற்கு முன்பே அலுவலகத்தில் அது வழக்கமாகிவிட்டது. சத்திரம் இல்லாத பகுதிகளை டெஸ்ட் செய்யும்போது எல்லாரும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டார்கள். ராசாத்தியும்தான்.

3. கோபுரம்

பில்டை ஒப்படைக்கும் முன், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவரே ஒரே பில்டில் விளையாடி முடிக்க வேண்டும் என்பது ஜப்பான்காரர்களின் விதி. அதை முழு ஓட்டம் என்போம். அது ராசாத்தியின் பொறுப்பு. தன் போனிலேயே பல நாள் விளையாடி, ஒரு மழைக்கால வியாழக்கிழமை காலையில் கோபுரத்தின் அடிவாரத்தில் நின்றாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வெள்ளனே வந்திருந்தாள்.

"இன்னைக்கு முடிச்சிருவேன்க்கா. யாரும் பேச்சுக் குடுக்காதீங்க," என்று சிரித்தபடி ஃப்ளைட் மோடைப் போட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடுகூடத் தெரியாத மூடுபனி. இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவை இடது பக்கம் வைத்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் விளையாடினாள். நான் என் வேலையில் இருந்தேன். அவள் ஒவ்வொரு தளமாக ஏறுவதை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடைசி எதிரி விழுந்தான். முடிவுக் காட்சி முழுவதையும் பார்த்து, எதுவும் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "முடிஞ்சிருச்சுக்கா!" என்று கத்தினாள். எல்லாரும் கைதட்டினோம். சேகர் சார் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிவரச் சொன்னார். ராசாத்தி ஃப்ளைட் மோடை எடுத்தாள்.

போன் அதிரத் தொடங்கியது. மிஸ்டு கால் மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் அவள் அண்ணன் மயில்சாமியின் நம்பர். அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவரே அழைத்தார்.

"என்னாண்ணே... அப்பாவுக்கு என்னா? ... எப்ப? ... எந்த ஆஸ்பத்திரி? ... எறங்கிட்டீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம்.

காலையில் பூண்டுக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் ஜீப் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார். மதியம் முழுவதும் அப்பா நினைவோடு அங்கேதான் இருந்திருக்கிறார். சாயங்காலம் டாக்டர்கள் மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள், ஆம்புலன்ஸ் மலை இறங்கத் தொடங்கிவிட்டது. தங்கை நாயுடுபுரத்தில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்பது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுத் தேடி வர அவரால் முடியவில்லை, அனுப்பவும் ஆள் இல்லை.

அந்த அப்பாவை நான் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். கேரட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எம் மக அங்க என்னாங்க சோலி பாக்குது?" என்று கேட்டார். விளையாடுவதுதான் சோலி என்றேன். "வெளையாடச் சம்பளமா!" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

4. மலைப்பாதை

ராசாத்தியின் மகளைக் கூட்டிவர ஒருவரை அனுப்பிவிட்டு, சேகர் சார் காரை எடுத்தார். நான் ராசாத்தியோடு பின்னால் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. போனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தாள்.

"நா இங்கனதானக்கா இருந்தேன். கூப்பிட்டிருந்தா நடந்தே போயிருப்பேன்," என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே சொன்னாள்.

பெருமாள்மலை தாண்டியதும் அண்ணன் அழைத்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டோம் என்றார். ஏன் என்று ராசாத்தி கேட்கவில்லை.

ஒரு வளைவில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. மேலே விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. டிரைவர் தள்ளி நின்றிருந்தார். மயில்சாமி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தவர் தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு தாயி. ராசாத்தி வந்துருச்சா, வந்துருச்சான்னு. ஆஸ்பத்திரிலயும் கேட்டாரு, வண்டிலயும் கேட்டாரு. வந்துக்கிட்டிருக்கு, வந்துக்கிட்டிருக்குன்னு நாஞ் சொல்லிக்கிட்டே வந்தேன்."

ராசாத்தி ஆம்புலன்ஸுக்குள் ஏறினாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டபோது சேகர் சார் எங்கள் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் வண்டியைத் திருப்பினார்கள். மதுரைக்கு இறங்க வேண்டிய வண்டி, கொடைக்கானல் வழியாகக் கிளாவரைக்கு ஏறியது.

ராசாத்தி அன்று போனை எடுத்திருந்தால் அவள் அப்பா பிழைத்திருப்பாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். மகள் பக்கத்தில் இருந்திருப்பாள். வித்தியாசம் அவ்வளவுதான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு வைத்திருக்கலாமே என்று பிறகு பலர் சொன்னார்கள். பிறகு எல்லாருக்கும்தான் தோன்றுகிறது.

5. அடுத்த மீட்டிங்

"இதை க்ளையன்ட்கிட்ட சொல்ல வேணாம் மேடம். சிம்பதி தேடுற மாதிரி ஆயிரும்," என்றார் சேகர் சார். அவர் குரலிலும் தெம்பு இல்லை.

நான் சொன்னேன். நீட்டாமல், நடந்ததை மட்டும் சொன்னேன். மொழிபெயர்க்கும் பெண் நடுவில் ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். தயாரிப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அழைப்புகள் வந்தபோது அந்தப் பெண் கேமில் எந்த இடத்தில் இருந்தார்?

"கோபுரத்தில்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சஸ்பென்டைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தலை குனிந்து வணங்கினார். நான் படம் போட்டு விளக்கிக் கேட்டபோது கிடைக்காத அனுமதி அன்று இப்படிக் கிடைத்தது. எனக்கு அதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

வேலையை முடித்தேன். கோட் மாறிவிட்டதால் முழு ஓட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அதாவது, அந்த வியாழக்கிழமை ராசாத்தி முடித்த ஓட்டம் கணக்கிலேயே வரவில்லை. வேறொருவர் புதிதாக விளையாடி முடித்தார்.

காரியமெல்லாம் முடிந்து ராசாத்தி வந்தாள். சில நாள் உட்கார்ந்து பார்த்தாள். போனின் ரிங் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தாள். அது அலறும்போதெல்லாம் எல்லாரும் திடுக்கிடுவோம், ஆனால் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"முடியலக்கா. கேமத் தொறந்தாலே அடிக்காத போனு அடிக்கிற மாதிரி காதுல கேக்குது."

மறுபடி ஹோட்டல் வேலைக்கே போய்விட்டாள்.

கேம் வெளிவந்தது. ரிவ்யூக்களில் அதிகம் பேர் பாராட்டியது சஸ்பென்டைத்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விளையாடலாம், எந்த நேரமும் நிறுத்தலாம், நல்ல யோசனை என்று எழுதியிருந்தார்கள். கேமின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் ராசாத்தியின் பெயரைச் சேர்த்திருந்தேன்.

6. பஸ் ஸ்டாண்டில்

போன் கம்பெனிகள் சிஸ்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது கேமைத் திருத்தித் தர வேண்டும். எங்கள் ஒப்பந்தம் முடிந்தபின் யாரும் திருத்தவில்லை. சேகர் சார் அலுவலகத்தை மூடிவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டார். நான் வீட்டிலிருந்தே ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை செய்கிறேன்.

போன மாதம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ராசாத்தியைப் பார்த்தேன். ஹோட்டல் யூனிஃபார்மின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மகள் காலேஜ் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, அந்தக் கேம்ல எம் பேரு வருதுன்னு மக கிட்டச் சொன்னேன். ஆசையாத் தேடுனா. ஸ்டோர்லயே காணோங்குறா. நாந்தேன் பேரத் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல ராசாத்தி. அதை எடுத்துட்டாங்க. இப்ப இருக்குற போன்ல அது ஓடாது."

"எடுத்துட்டாங்களா," என்றாள். கொஞ்ச நேரம், அவள் ஊர்ப்பக்கம் போகும் போளூர் பஸ்ஸில் ஆட்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிக்கா. ட்யூட்டிக்கு நேரமாச்சு, நா வாரேன்."

இப்போதும் புது டீமோடு புதுப் போர்ட் வேலை தொடங்கும்போது, கிராஃபிக்ஸ் எப்படி, வேகம் எவ்வளவு என்று எல்லாரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பேன். பிறகு, முதல் டெஸ்ட் இதுதான் என்பேன். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு வர வேண்டும், விளையாடுகிறவர் எதையும் இழக்காமல் அதை எடுத்துப் பேச முடிய வேண்டும். அது தேறும்வரை மற்ற எந்த வேலையையும் தொட விடுவதில்லை. இந்த அம்மாவுக்கு இதில் என்ன இவ்வளவு பிடிவாதம் என்று இளம் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். நேரில் அவர்களுக்குச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதியிருக்கிறேன்.