ஒரே இழுப்பில் பத்துப் பெயர்

வருஷத்தில் பதினோரு மாதம் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கை அளந்துகொண்டிருப்பாள். மிச்சமிருக்கும் ஒரு மாதம் ஏரிக்கரைக் கோடை முகாமில் பத்துச் சிறுமிகளுக்கு அக்கா. "பதினோரு மாசம் வேலைக்குப் போறா, ஒரு மாசம் வாழப் போறா" என்பாள் அவள் அம்மா. அதில் பாதி கிண்டல், பாதி உண்மை. ஒன்பது கோடைகள் இப்படியே ஓடிவிட்டன. இந்தக் கோடையோடு கடைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்றிருந்தாள். முகாம் இனி வருஷம் முழுக்க நடக்கப்போகிறது, பொறுப்பாளர் வேலை உனக்குத்தான் என்று முகாம் தலைவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை கையெழுத்து.

சும்மா சொல்லவில்லை அவர். மற்ற அக்காக்களும் அண்ணன்களும் ஊருக்கு உபதேசம் செய்வார்கள், இவள் செய்து காட்டுவாள். விடியற்காலைக் குளிரில் முதலில் தண்ணீரில் இறங்குவது இவள்தான். கழிப்பறை கழுவும் முறை வந்தால் முதல் துடைப்பமும் இவள் கையில்தான். பிள்ளைகள் சொன்னதைச் செய்ய மாட்டார்கள், பார்த்ததைச் செய்வார்கள் என்பது அவள் கட்சி. அதற்கு நடமாடும் சாட்சியாக ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அக்கா சட்டைக்கையை மடித்தால் அவளும் மடிப்பாள். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றால் அவளும் அப்படியே நிற்பாள். முகாமே அவளை ஜெராக்ஸ் என்று கூப்பிட்டது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை.

படகுத்துறையில் ஒரு பலகை உண்டு. குழுவுக்கு ஒரு கம்பி, கம்பியில் கோத்த பத்து மரத்துண்டுகள், துண்டுக்கு ஒரு பெயர். தண்ணீரில் இறங்கும்போது சிவப்புப் பக்கம் தெரிய வேண்டும், கரையேறியதும் வெள்ளைப் பக்கம். அவரவர் துண்டை அவரவர்தான் திருப்ப வேண்டும். அடுத்தவர் துண்டைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்கு. முகாமில் மற்ற சட்டங்கள் வளையும், இது வளையாது.

ஆனால் பசியோடு நிற்கிற பத்துப் பேர் ஆடி அசைந்து திருப்பி முடிப்பதற்குள் சாப்பாட்டு வரிசை வாசலைத் தாண்டிவிடும். அதனால் அவள் கரையில் நிற்கும் தலைகளைக் கண்ணாலேயே எண்ணிவிட்டு, உள்ளங்கையைக் கம்பியின் இந்த முனையில் வைத்து அந்த முனைவரை ஒரே இழுப்பு இழுப்பாள். சடசடவென்று பத்தும் வெள்ளையாகிவிடும். எண்ணியது அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். இழுத்தது அவள் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை மதியம் அவள் குழுவில் ஒருத்தி பாறையில் முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். பக்கத்துக் குழு அண்ணனிடம் "என் பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காயம்பட்டவளைத் தூக்கிக்கொண்டு மருந்தறைக்கு ஓடினாள். கட்டுப்போட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. உணவறைக்கு வந்தவள் மேசையைச் சுற்றி எண்ணினாள். கட்டுப்போட்டவளோடு ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

இல்லாதவள் தவளை. தண்ணீரைக் கண்டால் தலைகீழாக நிற்கிற பெண், அதனால் அந்தப் பெயர்.

"ஏரியில இருந்து வந்தாளா?" என்று பக்கத்துக் குழு அண்ணனைக் கேட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சு. பலகை பூரா வெள்ளை. பாத்துட்டுத்தான் கரையை விட்டேன்."

அப்பாடா, தண்ணீரில் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்தார்கள். குளியலறைகள், படுக்கையறை, மரத்தடி, மூட்டை போடும் கொட்டகை என்று ஒன்று விடாமல் தேடினார்கள். பத்து நிமிஷம் போனது. கட்டில்களுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இன்றைக்கு அவள் பலகைப் பக்கமே போகவில்லை. கட்டுப்போட்டவளைத் தூக்கிக்கொண்டு நேராக மருந்தறைக்குப் போனாள். அந்தப் பிள்ளையும் தன் துண்டைத் திருப்பவில்லை. அப்படியானால் பலகை பூரா எப்படி வெள்ளையாகும்?

வாசலில் ஜெராக்ஸ் நின்றிருந்தாள். கேள்வி கேட்கக்கூட நேரமில்லை. சிறுமி தன் உள்ளங்கையை வயிற்றோடு அழுத்தி மறைத்திருந்தாள், அதுவே போதுமாயிருந்தது.

ஏரிவரை எப்படி ஓடினாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. துறையில் நின்று கத்தினாள். பதில் இல்லை. குப்புறப் படுத்து, துறையின் தரைப் பலகைகளுக்கு அடியில் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். இருட்டில், ஒரு தூணைக் கட்டிப்பிடித்தபடி, மோவாய்வரை தண்ணீரில் தவளை. உதடு நீலம். படகு கட்டும் பழைய கயிறு கணுக்காலில் சுற்றியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது.

"அக்கா, கை வழுக்குது" என்றாள், காற்றாக.

குதித்தாள். கயிறு இரண்டு முறை பிடிபடாமல் நழுவியது, மூன்றாவது முறை அவிழ்ந்தது. பிள்ளையைக் கரையில் கிடத்திப் போர்வையால் சுற்றி, அது இருமி அழுத பிறகுதான் இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மருத்துவர் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனதும், தலைவர் எல்லோரையும் உணவறையில் கூட்டினார்.

"வெள்ளையா இருந்ததால நாம தண்ணியைத் தேடல. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. திருப்பினது யாரு?"

சனிக்கிழமைக்கு இரண்டே நாள். அவள் மருந்தறையில் இருந்தாள், அதற்குச் சாட்சி உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று போய்விடும். அந்த எண்ணம் வந்ததே அவளுக்குக் கூசியது. கூசினாலும் அது போகவில்லை.

ஜெராக்ஸைப் பார்த்தாள். சிறுமி தலைவரைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் உதடு எப்படி இறுகியிருந்ததோ அப்படியே அவள் உதடும் இறுகியிருந்தது. அட கடவுளே, இதையும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் எழுந்து நின்றாள்.

"எந்தக் கைன்னு தேட வேணாம் சார். அப்படித் திருப்பலாம்னு செஞ்சு காட்டினது நான். வருஷக்கணக்கா பத்தையும் ஒரே இழுப்புல நான்தான் திருப்பிட்டு வரேன். இந்தப் பிள்ளைங்க அதைப் பாத்துத்தான் வளந்துச்சு."

தலைவர் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தாள்.

"சனிக்கிழமை விஷயத்தை மறந்துடு. சாயங்கால பஸ்ல கிளம்பு" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் பசிக்குதேன்னுதான் திருப்பினேன் அக்கா. அவ பின்னாடி வரான்னு நெனச்சேன்."

"தெரியும்மா."

"என் பேரை நீங்க சொல்லவே இல்லையே."

"அதைச் சொல்றது என் வேலை இல்ல."

"எல்லார் முன்னாடியும் சொல்லும்போது பயமா இல்லையா?"

"கால் வெடவெடன்னு நடுங்குச்சு. இப்பவும் நிக்கல."

சிறுமி வெளியே போனாள். அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். பிள்ளை படுக்கையறைப் பக்கம் திரும்பாமல், மைதானத்தைக் குறுக்கே கடந்து தலைவர் அறையை நோக்கிப் போனது. கூட வரட்டுமா என்று கூப்பிட வாயெடுத்தவள் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஜெராக்ஸ் கதவைத் தட்டினாள். அந்தச் சின்னக் கால்கள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கதவு திறந்தது. சிறுமி ஒருமுறைகூட அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.